குழம்புக்கும் குழிக்கும் ஒரே பெருங்காயம்

“…பெருங்காயம் விக்கிறது என் வேலை. வாங்கிட்டுப் போறவங்க அதைக் குழம்புல போடுறாங்களா, உங்க மரத்துக் குழியில போடுறாங்களான்னு பின்னாடியே போய்ப் பார்க்கிறதும் என் வேலையா, அண்ணே?”

மளிகைக்கடைப் பலகைக்குப் பின்னால் நின்று தையல்நாயகி இதைக் கேட்டபோது என் உள்ளங்கையில் ஒரு மண்ணாங்கட்டி இருந்தது. அவர் கடைக்கு நாலு வீடு தள்ளி, பட்டுப்போன ஒரு புங்கமரத்தின் தூரைக் கிளறி அப்போதுதான் எடுத்திருந்தேன். உடைத்தால் உள்ளே மஞ்சளாக ஒரு துண்டு. முகர்ந்தால் கல்யாண வீட்டுச் சாம்பார்.

நியாயமான கேள்விதானே.

சாலையோரம் மரம் நடுகிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டார்கள். குழி எவ்வளவு ஆழம், எரு எத்தனை கூடை என்பதையெல்லாம் உங்கள் போனே சொல்லிவிடும். போன் சொல்லாத ஒன்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெருங்காயம்தான். என் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ஆட்கள் பேசியதைத்தான். செடியின் பெயர் மறந்தாலும் அதைப் பற்றி யார் என்ன சொன்னார் என்பது மறக்காது. ஆகையால் இதில் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில் அந்த நகர். நகர் என்றால் உங்களுக்குத் தெரியும். வயலில் கிராவல் கொட்டி மேடாக்கி, மனைக்கல் ஊன்றி, முகப்பில் ஒரு வளைவு கட்டிப் பெயர் எழுதிவிட்டால் அது நகர். மரம் நடுவதற்கு வரைபடம் சென்னையிலிருந்து வந்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. சாலை சாம்பல் நிறம், மரமெல்லாம் பச்சை வட்டம். ஒவ்வொரு மனைக்கும் முன்னால், அளந்து வைத்த மாதிரி நட்டநடுவில், ஒரு வட்டம். அதைப் பார்த்து ஒருவர் புங்கங்கன்றுகளை அப்படியே நட்டுவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். பராமரிப்பு என் தலையில் வந்தபோது கன்றுகள் ஆள் உயரம் தாண்டியிருந்தன. வீடுகளும் எழும்பியிருந்தன.

வரைந்தவர் பார்த்தது காலி மனையை. காலி மனைக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ஆனால் அதில் வீடு வரும். வீட்டுக்கு கேட் வரும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு கேட் நடுவில்தான் வரும். கேட்டுக்கு முன்னால் விடிந்ததும் தண்ணீர் தெளித்துக் கோலம் விழும். இது எதுவும் அந்தப் பச்சை வட்டத்துக்குத் தெரியாது.

இரண்டாம் தெருவுக்குள் நான் முதல்முறை நடந்தபோது ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திப் பேசினார்கள். கல்யாணி டீச்சர் சொன்னது: “மரம் வேணாம்னு சொல்லலைங்க. என் கோலத்துக்கு நடுவுல வந்து நிக்குதே, அதைச் சொல்றேன். மார்கழியில வந்து பாருங்க. நான் மரத்தைச் சுத்திச் சுத்திக் கோலம் போட்டு, தலை சுத்தி உக்காந்திருப்பேன்.”

இன்னொரு வீட்டுக்காரருக்கு இலை கொட்டுகிறது என்று வருத்தம். “மரம் இலை கொட்டாம பணமா கொட்டும்?” என்றேன். “பணம் கொட்டினா நாங்களே கூட்டிக்க மாட்டோமா?” என்றார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் கமால் பாய். துபாயில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். வீட்டு முகப்பு முழுக்கக் கிரானைட்டும் கண்ணாடியும் பதித்திருந்தார். “இவ்வளவு செலவு பண்ணி எலிவேஷன் வெச்சிருக்கேன், செடிக்காரரே. அதுக்கு முன்னாடி இவன் வந்து நின்னுக்கிட்டா வீட்டை யாரு பார்ப்பா? துபாய்ல பேரீச்சை வெச்சிருப்பாங்க பாருங்க. வரிசைன்னா வரிசை. ஒரு இலை தரையில கெடக்காது.”

“அங்க கூட்டுறதுக்கு ஆள் இருக்கும் பாய்.”

“அதுவும் சரிதான்,” என்று சொல்லிவிட்டு, ஏனோ சட்டென்று பேச்சை மாற்றினார். அந்த ‘ஏனோ’வுக்கு அப்புறம் வருகிறேன்.

தெரு முழுக்க ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருந்தது. மரம் நல்லது. எதிர்வீட்டு வாசலில் இருந்தால் ரொம்ப நல்லது.

அப்புறம் மரங்கள் சாகத் தொடங்கின. நுனி கருகும், இலை சுருளும், ஒருநாள் பார்த்தால் குச்சி. முதலில் நான் மண்ணைச் சந்தேகப்பட்டேன். கீழே வயல் களி, மேலே இறுக்கின கிராவல். குழி சட்டி மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் அழுகும். வடிகால் வெட்டினேன். அப்புறம் கரையானைச் சந்தேகப்பட்டேன். மருந்து ஊற்றினேன். ஒவ்வொரு மரம் போகும்போதும் அந்த வீட்டார் வெளியே வந்து என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். “நல்லாத்தான் இருந்துச்சு, நேத்துகூடப் பார்த்தேன்” என்றார் ஒருவர். “அதோட ஆயுசு அவ்வளவுதான்” என்றார் இன்னொருவர். ஒரு வீட்டில் எனக்குக் காப்பிகூடக் கொடுத்தார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. காப்பிக்குக் கொதித்த தண்ணீரில் மிச்சம் எங்கே போயிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பெருங்காயத்தால் மரம் சாகுமா என்று என்னைக் கேட்காதீர்கள். தூரில் துளை போட்டு வைத்தால் பட்டுப்போகும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை. அதோடு விடாமல் தினமும் சாயங்காலம் வெந்நீரும், வாரத்துக்கு ஒருமுறை கல்லுப்பும் போட்டிருக்கிறார்கள். மூன்றில் எது கொன்றதோ, பாவம் அந்தப் புங்கனுக்குத்தான் தெரியும்.

இப்போது கடைக்கு வருவோம்.

“இந்தத் தெருவுல திடீர்னு கட்டிப் பெருங்காயம் ஓட ஆரம்பிச்சுச்சு அண்ணே,” என்றார் தையல்நாயகி. “எல்லார் வீட்டுலயும் ஒரே நேரத்துல வாயுத் தொல்லையா, என்னடா இது கொள்ளைநோய்னு நெனச்சேன். ஒரு நாள் பாய் வந்து, ‘மரத்துக்குப் போடுற மாதிரி பழைய கட்டி இருக்கா’ன்னு கேட்டாரு. அப்பத்தான் புரிஞ்சுது.”

“புரிஞ்ச பிறகும் வித்தீங்க.”

“இல்லன்னு சொன்னா முதல் தெருக் கடையில வாங்குவாங்க. மரமும் போயிடும், வியாபாரமும் போயிடும்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த வரிசையில் உயிரோடு நின்றது அவர் கடை வாசல் மரம் ஒன்றுதான். வீட்டின் முன்னறையைத்தான் கடையாக்கியிருந்தார். வாசலுக்கு நேர் எதிரே, தளதளவென்று இருந்தது மரம். அதன் நிழலில் வண்டியை நிறுத்தி ஒருவர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

“உங்க மரம் மட்டும் தப்பிச்சிருக்கே?”

தையல்நாயகி கண்ணால் மேலே காட்டினார். அடுக்கி வைத்திருந்த எண்ணெய் டின்களில் உச்சி டின்னின் மேல் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம்.

“அது விக்கிறதுக்கு இல்ல. எனக்கு. வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேருந்து பொங்கலுக்கு வர்றாரு. வாசலுக்கு நேரா மரம் நின்னா ஆகாதுன்னு என் மாமியார் யார்கிட்டயோ கேட்டுச் சொல்லியிருக்காங்க. அவர் வந்து இறங்குறதுக்குள்ள மரம் போயிருக்கணுமாம்.”

“என்ன செய்யப் போறீங்க?”

“முடிவு பண்ணியிருந்தா அது ஏன் டின்னு மேல இருக்கு?”

இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் மனக்குழப்பத்தைச் சொன்னதில்லை.

அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருந்தது. அந்த நகருக்குக் குடிநீர்க் குழாய் இன்னும் வரவில்லை. ஊராட்சி அந்தச் சாலைகளையும் பூங்காவையும் ஏற்றுக்கொண்டால்தான் குழாய் இழுப்பார்கள். ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் மனைப்பிரிவுக்காரர் எழுதிக்கொடுத்தபடி எல்லாம் இருக்க வேண்டும். சாலை, வடிகால், விளக்குக் கம்பம், கூடவே சாலை மரங்கள். வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார்கள்.

தையல்நாயகி அளந்துகொண்டிருந்த உளுந்தை அப்படியே நிறுத்தினார்.

அந்தத் தெருவில் நல்ல தண்ணீருக்கு அவரைவிட ஏங்கியவர் இல்லை. போர்த் தண்ணீர் உப்பு. சோறு மஞ்சளாக வேகும். இட்லி மாவு அரைத்து விற்க வேண்டும் என்று கிரைண்டர் வாங்கி வைத்திருந்தார். அந்தத் தண்ணீரில் அரைத்த மாவு ஒரு நாள்கூடத் தாங்காமல் கெட்டுப்போக, கிரைண்டர் மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேன் தண்ணீரில் அரைத்தால் கட்டுப்படியாகாது. மளிகை ஓட்டம் குறைவு, மாவு ஓடினால்தான் கடை நிற்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

“அப்ப மரம் இல்லன்னா குழாய் இல்லையா?”

“பார்க்க வர்ற அதிகாரி கையிலதான் இருக்கு.”

“அடப்பாவிகளா,” என்றார், தெருவைப் பார்த்து. பிறகு, “நானும்தான்,” என்றார்.

மளிகைக்கடையில் சொன்ன செய்தி மைக்கில் சொன்ன செய்தி. சாயங்காலத்துக்குள் தெருவே கமால் பாய் வீட்டு முன்னால் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அடுத்தவர் வாசல் குச்சியைத்தான் பார்த்தார்கள். “இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி” என்று ஒருவர் தொடங்க, எல்லோரும் வெயிலைத் திட்டினார்கள். யார் வாயிலிருந்தும் பெருங்காயம் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளியிடமிருந்து போன். முதலாளி என்றால் மனைப்பிரிவு போட்டவர். “லாரியில மரம் அனுப்பியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள செத்ததைப் பிடுங்கிட்டு அதே குழியில நட்டுடு. காலையில அந்த அதிகாரி அம்மா வரும்போது தெரு பச்சையா இருக்கணும். அவ்வளவுதான்.”

மரம் என்று அவர் சொன்னது போத்து. ஏதோ வாய்க்கால் கரைப் பூவரசுகளிலிருந்து கை பருமனுக்கு வெட்டிய கிளைகள். இலையும் தழையுமாக லாரி நிறைய. ஓட்டுநர் இறங்கி, “ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாடாது அண்ணே, கேரண்டி” என்றார். தெருவுக்கே முகம் மலர்ந்தது. ஒரு போத்தைத் தூக்கிப் பட்ட குழியில் நிறுத்திப் பார்த்தார் கமால் பாய். நிஜமாகவே மரம் மாதிரி இருந்தது. “பிரமாதம். கார்ல போற வேகத்துக்கு இது போதும்.”

இங்கேதான் பிள்ளைகளே, கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம். பூவரசம் போத்து நம் மண்ணில் வேர் பிடிக்கும். வேலிக்கு ஊன்றிய கம்பு தழைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்கு இலையை எல்லாம் உருவிவிட வேண்டும். வேர் இல்லாத கிளை இலைக்கு எங்கிருந்து தண்ணீர் கொடுக்கும்? நுனியை வெட்டி, வெட்டின வாயில் சாணி அப்பி, மொட்டைக் கம்பாக நட வேண்டும். இலையோடு நட்டால் நாளைக்கு மரம், அடுத்த வாரம் விறகு. இலையை உருவி நட்டால் நாளைக்கு விறகு, மழைக்குப் பிறகு மரம்.

நாளைக்கு என்பது வெள்ளிக்கிழமை. முதலாளிக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை. தெருவுக்கு வேண்டியதும் வெள்ளிக்கிழமை. எனக்கும் சம்பளம் கொடுக்கிறவர் முதலாளிதான், பூவரசு இல்லை.

“இதுல எது பொழைக்கும்?” என்று கேட்டது தையல்நாயகி. கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருந்தார். நான் சொன்னேன். அவர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அந்த அம்மா திங்கக்கிழமை திரும்ப வந்தா?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். நான் அதுவரை வெள்ளிக்கிழமைக்கு அப்பால் யோசிக்கவே இல்லை. அதிகாரி ஒருமுறைதான் வருவார் என்று யார் சொன்னது? ஏமாந்தோம் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் அப்புறம் குழாயும் வராது, ஆளும் வராது. நெருக்கடியில் நம் கண்ணுக்கு நாளைய தேதி மட்டும் பெரிதாகத் தெரியும். அந்த நேரத்தில் அதற்கடுத்த நாளைப் பற்றிக் கேட்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலிகள். இல்லாவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிவாளை எடுத்து முதல் போத்தின் இலைகளை உருவினேன்.

“யோவ், யோவ்,” என்று ஓடிவந்தார் கமால் பாய். “நாகூர் தர்காவா இது, வரிசையா மொட்டை அடிக்கிறீங்க?”

“வேண்டுதல்னே வெச்சுக்கங்க பாய். நல்ல தண்ணி வரணும்னு.”

அடுத்தது எங்கே நடுவது. பழைய குழியில் வைத்தால் பழைய கதை. வரைபடத்தை மடித்து வண்டிப் பெட்டியில் போட்டேன். “வீட்டுக்கு வீடு வாசல் கூட்டுறவங்க வாங்க. எந்த இடம்னு நீங்க விரலை நீட்டுங்க. நான் அங்க நடுறேன்,” என்றேன்.

முதலில் ஆண்கள்தான் வந்தார்கள். “நீங்களா கூட்டுறீங்க?” என்று கேட்டேன். திரும்பிப் போய் ஆளை அனுப்பினார்கள். கல்யாணி டீச்சர் வந்து, கோலம் எதுவரை வரும், மார்கழியில் எதுவரை வரும், பொங்கலுக்கு எதுவரை வரும் என்று காலால் கோடு கிழித்துக் காட்டிவிட்டு, கோட்டுக்கு வெளியே விரலை நீட்டினார். ஏறக்குறைய எல்லோருமே காட்டியது மனையின் ஓரத்தை, பக்கத்து வீட்டு எல்லையை ஒட்டி. இன்னும் சரியாகச் சொன்னால் எல்லையிலிருந்து பக்கத்து வீட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளி. பக்கத்து வீட்டாரும் அதே மாதிரி இந்தப் பக்கம் தள்ளிக் காட்டினார்கள். நான் இரண்டு விரலுக்கும் நடுவில் கடப்பாரையை ஊன்றினேன். எல்லைக்கல்லுக்கு நேரே, இரண்டு கேட்டுக்கும் தொந்தரவில்லாத இடம். களியில் வேர் அழுகாமல் இருக்க மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைத்தோம்.

கமால் பாய் வீட்டில் யாரும் வெளியே வரவில்லை. “பாய், கூட்டுறவங்களைக் கூப்பிடுங்க.”

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “நான்தான்யா கூட்டுறேன். வீட்டுல முழங்கால் வலி. விடியிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவேன். சொல்லிடாதீங்க.”

பாய், உங்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அது பெருமைக்குரிய விஷயம் என்று நீங்களே இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி.

இருட்டுவதற்குள் தெரு முழுக்க மொட்டைக் கம்புகள். உச்சியில் சாணித் தொப்பி. முதலாளி சொன்ன பச்சை, வெட்டிப்போட்ட இலைக் குவியலில் மட்டும்தான் இருந்தது. அதையும் ஆட்டுக்காரர் ஒருவர் வந்து கேட்டு வாங்கிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. அதிகாரி சின்ன வயசுப் பெண். நல்லவேளையாக, கமால் பாய் எதிர்பார்த்த மாதிரி காரிலேயே போகவில்லை. இறங்கி நடந்தார். முதல் கம்பருகே நின்று உச்சியைப் பார்த்தார்.

“இது என்ன?”

“பூவரசு மேடம்,” என்றேன்.

“பூவரசா, விறகா?”

“இப்போதைக்கு ரெண்டுக்கும் நடுவுல மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. முதலாளியும் வந்திருந்தார். அவர் முகம் கம்பைவிட மொட்டையாக இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

“இங்க புங்கன் நட்டதா எழுதியிருக்கே, அதெல்லாம் எப்படிச் செத்துச்சு?”

“வெயில் மேடம்,” என்றார் கமால் பாய்.

“தண்ணி தேங்கி,” என்றார் இன்னொருவர், அதே நேரத்தில்.

“ஒரே மரம் வெயில்லயும் தண்ணியிலயும் செத்துச்சா?”

கடைப் படியிலிருந்து தையல்நாயகி இறங்கி வந்தார்.

“தண்ணிதான் மேடம். ஆனா கொதிக்கிற தண்ணி. கூட உப்பு, பெருங்காயம். நான் வித்தேன், இவங்க வாங்கினாங்க. வாசலை அடைச்சுக்கிட்டு நின்னுச்சுன்னு கொன்னுட்டோம். இந்தக் கம்பு எங்க வாசலை அடைக்காது, நாங்களே இடம் காட்டி நட்டது. அதனால இதைக் கொல்ல மாட்டோம்.”

கல்யாணி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பாய் வானத்தைப் பார்த்தார், வெயில் வந்து சாட்சி சொல்லும் என்பது போல.

அதிகாரி தையல்நாயகியின் புங்கமரத்து நிழலுக்குப் போய் நின்றார். தெருவில் வேறு நிழலும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேன் காலி. தையல்நாயகி வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, போர்த் தண்ணீரையே ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்ததும் அதிகாரியின் முகம் சுருங்கியது.

“இதையா குடிக்கிறீங்க?”

“இதுல மாவு அரைச்சா இன்னும் மோசம் மேடம்.”

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதிகாரி சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன்: “கம்பை எண்ணி என்னால கையெழுத்துப் போட முடியாது. இலை வரட்டும், வந்து இலையை எண்ணிப் போடுறேன். பொய்யா நாலு கிளையை நட்டு வெச்சிருந்தீங்கன்னா திரும்ப வந்திருக்கவே மாட்டேன்.”

அவர் கார் திரும்பியதும் முதலாளி என்னிடம், “நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்,” என்றார். வந்தேன். சம்பளம் இல்லாமல் சாயங்காலம் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கம்புக்கு என்னைவிட அதிகமாகக் காவல் இருந்தது. வெந்நீர் ஊற்றிய அதே கைகள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தன. எந்தக் கம்புக்கு எந்த வீட்டார் ஊற்றுவது என்று சண்டை வந்து, இரண்டு வீட்டாரும் ஊற்றி, “அழுகிடும், நிறுத்துங்க” என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஒவ்வொரு தடவை கடைப் பக்கம் போகும்போதும் என் கண் தானாக எண்ணெய் டின்னுக்குப் போகும். பொட்டலம் அங்கேயே இருக்கும். தையல்நாயகி பார்த்துவிட்டு, “இருக்கு, இருக்கு,” என்பார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சிங்கப்பூர் போன் வரும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. ஒருநாள் விடிகாலையில் கமால் பாய் போன்.

“வந்துடுச்சுய்யா.”

“யாரு பாய்?”

“இலை.”

கூட்டிக்கொண்டே பார்த்திருக்கிறார். நான் போய்ச் சேர்வதற்குள் துபாயில் இருக்கிற மகனுக்குப் படம் அனுப்பி, அவர் மகன் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, எங்கே இலை என்று கேட்டு, பாய் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். நகம் அளவுக்கு ஒரு பச்சை. அதற்கப்புறம் ஒவ்வொரு வாசலாக வந்தது. எல்லாம் பிழைத்தது என்று சொன்னால் பொய். சில கம்பு கம்பாகவே நின்றது. அந்த இடத்துக்கு அந்தந்த வீட்டாரே போய் வேறு போத்து கொண்டுவந்தார்கள்.

கார்த்திகையில் அதிகாரி வந்தார். சொன்ன மாதிரி ஒவ்வொரு கம்பாக நின்று, துளிரைத் தொட்டுப் பார்த்து நடந்தார். கடைசியில் தையல்நாயகி கடை வாசல் புங்கன். அதன் தூரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு அந்த நிழலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். முதலாளி எனக்குக் கை கொடுத்து, “நாளைக்கு வேலைக்கு வாங்க,” என்றார். வர வேண்டாம் என்று சொன்னதே அவருக்கு நினைவில்லாதது போல.

இந்தத் தொழிலில் எனக்கு எஞ்சிய பாடம் ஒன்றுதான். மரத்தின் ஆயுள் எருவிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. காலையில் துடைப்பம் பிடிக்கிற கை எது என்று கண்டுபிடித்து, அதனிடம் கேட்டுவிட்டுக் குழி வெட்டுங்கள். வீடு வராத மனை என்றால் எல்லைக்கல்லுக்கு நேரே நடுங்கள். அங்கே யாரும் கேட் வைக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் அன்றைக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. கையெழுத்தின் மை காய்வதற்குள் தையல்நாயகியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு, அரிசி மூட்டை மேல் சாய்த்து வைத்தார்.

“என்ன, மரம் இன்னும் நிக்குதா?” சிங்கப்பூர்க் குரல்.

“நிக்குது.”

“வாசலுக்கு நேரா மரம் ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது? அம்மா தினமும் கேட்கிறாங்க.”

“மரம் முன்னாடி வந்துச்சுங்க, நாமதான் பின்னாடி வந்து அதுக்கு நேரா வாசலை வெச்சோம். நீங்க பொங்கலுக்கு வாங்க. கடை வாசலை இந்த ஓரமா மாத்திடுவோம். மாவு வாங்க வர்றவங்க நிழல்ல நிக்கணும்ல.”

“மாவா? தண்ணி வருதா?” என்றது குரல்.

“வரப்போகுது, இப்பத்தான் கையெழுத்து ஆச்சு. நீங்க வைங்க, எனக்கு வேலை இருக்கு.”

போனை வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உச்சி டின்னின் மேலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார். வாசலில் நின்ற நான் மரத்தின் பக்கம் ஓரடி நகர்ந்தேன். அதிகாரியும் பேனாவை மூடாமல் பார்த்தார். தையல்நாயகி காகிதத்தைப் பிரித்தார், கட்டியை உள்ளங்கையில் உருட்டி எடை பார்த்தார், எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே அடுப்படிக்குப் போனார், அம்மியில் வைத்து இரண்டு தட்டுத் தட்டி, கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரில் அத்தனையையும் போட்டார்.